அம்பாசிடரா, மாருதி 800-ஆ? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் மிகப் பல அம்பாசிடரையும் மாருதி 800-ஐயும் அருகருகே நிறுத்திப் பார்த்தே எழுதப்பட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த இரண்டு கார்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தாத்தா வாங்கிய 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, அப்பா 1995-இல் வாங்கிய மாருதி 800 ஆகிய இரண்டும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டுவதால் இனி ஒரு காருக்குத்தான் இடம். எண்பது வயதை நெருங்கும் என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரையும் என் சகோதரிகளையும் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கு அழைத்துச் செல்வதே காரின் முக்கியப் பயன். எதை வைத்துக்கொள்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் கார்களைப் பற்றிய விவரங்களைவிடத் தாயாரின் முழங்கால் வலியைப் பற்றிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, பதிலும் பெரும்பாலும் அதிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் இரண்டு கார்களையும் அவற்றுக்குரிய நியாயத்தோடு பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு அவை வந்து சேர்ந்த ஆண்டுகளுக்கு நடுவே இருப்பது 23 ஆண்டு இடைவெளி. வடிவமைப்பில் உள்ள இடைவெளி அதைவிடப் பெரியது. அம்பாசிடருக்கு மூலம், இங்கிலாந்தில் 1956-இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசை. உங்கள் 800-க்கு மூலம், ஜப்பானில் 1984-இல் வெளிவந்த சுசுகி ஆல்டோ. இடைப்பட்ட காலத்தில் சிறிய கார் என்பதன் அமைப்பே மாறிவிட்டது. அம்பாசிடரில் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து, கியர்பெட்டி வழியாகவும் காரின் அடியில் ஓடும் நீண்ட தண்டு வழியாகவும் பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 800-இல் எஞ்சினும் கியர்பெட்டியும் குறுக்குவாட்டில் ஒன்றாக அமர்ந்து முன் சக்கரங்களையே இழுக்கின்றன. நீண்ட தண்டும், அதற்காகத் தரையில் எழுப்பிய மேடும், பின்புறத்துக் கனத்த அச்சும் தேவையில்லாமல் போனதால்தான், 3.3 மீட்டர் நீளமே உள்ள ஒரு காரில் நான்கு பேர் உட்கார முடிந்தது. அம்பாசிடரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர்.

எஞ்சினைப் பொறுத்தவரை, பெரியது வலியது என்ற பொதுவான எண்ணம் இங்கே பாதிதான் சரி. அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் அது இழுக்க வேண்டிய எடை 1,100 கிலோவுக்கு மேல். 800-இன் 796 சி.சி. எஞ்சின் 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவாகவே தந்தாலும், காரின் எடை 650 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிறிய காருக்குத்தான் அதிக சக்தி. நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது இது நன்றாகத் தெரியும். அதே நேரத்தில், அம்பாசிடரின் பிஸ்டன் 89 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுவது. சிலிண்டரின் விட்டமோ 73 மில்லிமீட்டர். இப்படி ஓட்டம் நீண்ட எஞ்சின்கள் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருபவை. தேர் வீதியில் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகும்போது, கியரை அடிக்கடி மாற்றாமல், முறுக்காமல், அது பொறுமையாக இழுத்துக்கொண்டு போவதற்குக் காரணம் அதுதான். 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சின் அந்த வேகத்தில் கியர் மாற்றத்தைக் கேட்கும்.

பெட்ரோல் செலவில் போட்டியே இல்லை. லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் தந்தால் அம்பாசிடர் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். 800 அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகவே தரும். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புவது, குறுகிய தெருவில் திரும்புவது, கிளட்ச் மிதிக்கத் தேவைப்படும் வலு, பராமரிப்பு வேலைகளுக்கு இடையே விடக்கூடிய இடைவெளி ஆகிய எல்லாவற்றிலும் 800 மேலான கார். அம்பாசிடர் மீது எவ்வளவு அன்பு இருந்தாலும் இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்கள் தேவை வேறு. அம்பாசிடரின் கூரை ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800-இன் கூரை ஏறத்தாழ 1.4 மீட்டர். இருக்கையின் உயரமும் அதற்கேற்பவே. முழங்கால் வலி உள்ளவர் 800-இன் பின் இருக்கைக்குப் போவதானால் தலையைக் குனிந்து, இடுப்பைத் தாழ்த்தி, காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது உடலின் முழு எடையையும் அதே முழங்கால் தூக்கியாக வேண்டும். அம்பாசிடரில் அகலமான கதவைத் திறந்து, திண்ணையில் உட்காருவதைப் போல உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். சோபாவை ஒத்த பின் இருக்கையில் மூன்று பேர் தாராளமாக அமரலாம். 15 அங்குலச் சக்கரங்கள் குழிகளைக் கடக்கும்போது தரும் ஆட்டம், 12 அங்குலச் சக்கரங்கள் தரும் அடியைவிட மிகவும் மென்மையானது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகளில் இதன் அருமையை உங்கள் தாயார் நன்றாகவே உணர்வார்.

ஆகவே, அம்பாசிடரையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அடிப்பகுதித் தகடு துருவேறாமல் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் முறையைக் கீழே தூத்துக்குடி வாசகருக்கு எழுதிய பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சோதனையில் கார் தேறாவிட்டால், முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளித் தாயாரை அதில் அமரவைத்து, 800-ஐப் பயன்படுத்துங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்பாசிடரைக் கைவிடும்போது வருந்துகிறவர்கள்கூட 800-ஐ இரும்பு விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஓடும் நிலையில் உள்ள 1995-ஆம் ஆண்டு வண்டியை உடைப்பவரிடம் கொடுக்காதீர்கள்; உறவிலோ தெருவிலோ கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஓர் இளைஞரிடம் முறையாகப் பெயர் மாற்றிக் கொடுங்கள். கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல கார் இந்த நாட்டில் வந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ஒரே காரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாற்றாமல் விற்றது தயாரிப்பாளரின் சோம்பல் என்கிறார் என் நண்பர். மாருதி வந்த பிறகுதான் இந்தியர்களுக்குக் கார் கிடைத்தது என்றும் சொல்கிறார். இது சரியா?
— வாசகர், மதுரை

பதில்: நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பொறுப்பு முழுவதையும் ஒரு நிறுவனத்தின் தலையில் சுமத்துவது சரியாகாது.

அம்பாசிடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கப்பட்டது. முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கி, பின்னர் கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவுக்கு மாறியது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்றவர்களை வெளியேறச் செய்து, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்க முன்வந்தவர்களுக்கு மட்டும் இடமளிப்பது என்று 1950-களில் அரசு முடிவு செய்தபோது, ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போயின. கார் தயாரிப்பு பெரும்பாலும் உத்தரபாராவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று நிறுவனங்களின் கைக்குள் வந்தது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு உரிமம், புதிய இயந்திரம் இறக்குமதி செய்ய அனுமதி, அந்நியச் செலாவணிக்கு ஒதுக்கீடு, சில காலம் விற்பனை விலைக்கும் கட்டுப்பாடு என்று எல்லாம் அரசின் கையில் இருந்தன. புதிய மாதிரிக்கு அச்சு வார்ப்பதற்கே பெரும் முதலீடு வேண்டும். பழைய மாதிரிக்கே மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நிலையில் எந்த நிறுவனமும் மாறியிருக்காது.

அந்தக் காலத்தால் நமக்குக் கிடைத்த நன்மையை நண்பர் கவனிக்கவில்லை. உள்நாட்டிலேயே பாகங்கள் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் சென்னைப் பாடியில் 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும், அதற்கு அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியாவும் தோன்றின. செல்ஃப் மோட்டார், டைனமோ, பிரேக் பாகங்கள் என்று தமிழ்நாட்டில் கற்றுக்கொண்ட கைத்தொழில்தான் பின்னாளில் இங்கே வந்த எல்லாக் கார் ஆலைகளுக்கும் அடித்தளமாக அமைந்தது.

மாருதியின் வெற்றியும் தனியார் சாதனையாகத் தொடங்கியதன்று. 1981-இல் அரசு நிறுவனமாக உருவான மாருதி உத்யோக், 1982-இல் சுசுகியோடு ஒப்பந்தம் செய்தபோது அந்த ஜப்பானிய நிறுவனத்தின் பங்கு 26 விழுக்காடு மட்டுமே. அதை வழிநடத்திய வி. கிருஷ்ணமூர்த்தி தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர். அதற்கு முன் திருச்சி பெல் ஆலைக்கும், பிறகு பெல் நிறுவனம் முழுவதற்கும் தலைமை வகித்தவர். 1983-இல் பதிவு தொடங்கியதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 10,000 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைத் தில்லியைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். உற்பத்தி முடியும் வரை இந்தியாவில் விற்றவை 25 லட்சத்துக்கும் மேல்.

இரண்டு காலங்களைச் சேர்ந்த இந்தக் கார்கள் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன என்பதைப் பலர் கவனித்ததில்லை. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. உத்தரபாரா ஆலை அந்த ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது.

கேள்வி: அந்தக் காலத்து இரும்பு கனமானது, அம்பாசிடரில் அடிபட்டால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, மாருதி தகரடப்பா என்று எங்கள் ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். அம்பாசிடர் தனிச் சட்டத்தின் (சேஸிஸ்) மீது உட்கார்ந்திருக்கும் கார் என்பதால் துருப்பிடித்தாலும் ஆபத்தில்லை என்றும் ஒரு டிங்கர் சொன்னார். நான் ஒரு பழைய அம்பாசிடரை வாங்க இருக்கிறேன். உண்மை என்ன?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறானவை; இரண்டாவது நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பாசிடருக்கு லாரிக்கோ ஜீப்புக்கோ இருப்பதைப் போன்ற தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற படிப்பகுதி, தூண்கள், கூரை ஆகியவை ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழு உடலுமே சட்டமாக நின்று எடையைத் தாங்குகிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலேயே அமைப்பு அப்படித்தான். 800-உம் அதே வகைதான்; அதன் தகடு இன்னும் மெல்லியது என்பது மட்டுமே வேறுபாடு. ஆகவே எந்தக் காராக இருந்தாலும் அடியில் ஏறிய துரு, அழகைக் கெடுக்கும் குறையோடு நிற்பதில்லை. அது காரின் முதுகெலும்பையே அரிக்கிறது. உங்கள் ஊரின் உப்புக் காற்றில் இது மற்ற ஊர்களைவிட வேகமாக நடக்கும்.

வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். ரப்பர் பாய்களை முழுவதும் எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பக்கத்தில் கசியும் மழைநீர் அந்தப் பாய்களுக்கு அடியில்தான் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் இடம், சக்கர வளைவுகளின் உட்புறம், ஜாக்கி பொருத்தும் இடம் ஆகியவற்றை ஒரு திருப்புளியின் நுனியால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு அசையாது, அரித்த தகட்டில் நுனி இறங்கிவிடும். மேற்புறம் பளபளப்பாக இருந்தால், மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பிலும் படிப்பகுதியிலும் நகர்த்துங்கள். அது ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டிதான் பூசப்பட்டிருக்கிறது. கடைசியாக, காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவுகளைத் திறந்து மூடச் சொல்லுங்கள். தரையில் நின்றபோது சரியாக மூடிய கதவு, தூக்கிய பிறகு உரசினாலோ மூட மறுத்தாலோ, உடல் தொய்ந்துவிட்டது என்று பொருள். அத்தகைய காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எஞ்சின் புகைவதோ கியர் இரைவதோ பெரிய குறையில்லை. அவற்றைக் கழற்றிச் செய்துகொள்ளலாம். உடலைப் புதிதாகச் செய்ய, காரின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதில் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூடக் காரின் அடியில் படுத்துப் பார்ப்பதில் செலவிடுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இனி முதல் நம்பிக்கை. மோதலின்போது காரின் முன்பகுதி திட்டமிட்டபடி மடங்கி, அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு, பயணிகள் இருக்கும் அறையைச் சிதையாமல் காக்க வேண்டும் என்ற கருத்து, விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக 1959-இல் மெர்சிடிஸ் நிறுவனத்தால் செயல்படுத்தப்பட்டது. மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோ கொண்டுவந்ததும் அதே 1959-இல்தான். அம்பாசிடரின் வடிவமைப்பு அதற்கு முந்தையது. முன்பகுதி நொறுங்கவில்லை என்று நாம் பெருமைப்படும்போது, நொறுங்காத அந்த அதிர்வு முழுவதும் உள்ளே இருப்பவரின் உடலுக்கு வந்து சேருகிறது. மோதலில் மடங்காத ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் மார்பை நேராக நோக்கி நிற்கிறது. மெதுவான வேகத்தில் இன்னொரு வண்டி உரசினால் அம்பாசிடருக்குச் சேதம் குறைவு என்பது உண்மை. அதைக் கண்டுதான் இந்த நம்பிக்கை வளர்ந்திருக்க வேண்டும். 800-உம் பாதுகாப்பில் மெச்சத்தக்கதன்று. அதன் மூக்கு மிகக் குட்டை, தகடு மெல்லியது. இரண்டையும் மிதமான வேகத்தில், சீட் பெல்ட் அணிந்தே ஓட்ட வேண்டும். முன் இருக்கை பெல்ட் கட்டாயமான 1994-க்கு முந்தைய காரானால், நல்ல பட்டறையில் உடலின் வலுவான இடத்தில் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் இந்த இரண்டில் எதை ஓட்டுவது எளிது? என்ன கவனம் வேண்டும்?
— வாசகி, சேலம்

பதில்: 800 எளிது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புவதற்கு அதன் குறைந்த நீளமும் எடையும் பெரிதும் உதவும். 1986-க்குப் பிந்தைய 800-களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு. பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதியை அம்பாசிடரில் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

ஏற்றத்தில் வேறொரு தொல்லை. கோடையில் எஞ்சின் சூட்டால் பெட்ரோல் பம்பிலேயே எரிபொருள் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் வண்டி நின்றுவிடக்கூடும். பானட்டைத் திறந்து, ஆறவிட்டு, பம்பின் மீது ஈரத்துணி போட்டால் பத்து நிமிடத்தில் சரியாகும். இதற்காக மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை. அம்பாசிடரின் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்தது என்பதால், மெதுவாக ஊரும்போது அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். 800-இன் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. சூடு ஏறியதும் தானாகச் சுழலத் தொடங்கிவிடும். மலை ஏறும் முன் அந்த விசிறி சுற்றுகிறதா என்பதை மட்டும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை இந்தக் கார்களுக்குப் போடலாமா? ஈயம் இல்லாத பெட்ரோல் அம்பாசிடர் எஞ்சினைக் கெடுக்கும் என்பது உண்மையா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஈயத்தைப் பற்றி முதலில். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம், புகை வெளியேறும் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. அம்பாசிடரின் பழைய 1,489 சி.சி. எஞ்சினில் வால்வு உட்காரும் இடம் சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. அந்தப் படலம் இல்லாத நிலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால், வால்வு தன் இருக்கையை அறைந்து அறைந்து உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி, அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இதுதான் காரணம். ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவர்கள் அஞ்ச வேண்டாம். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது, கடினமான எஃகு வளையங்களை வால்வு இருக்கையில் பொருத்தித் தரும்படி லேத் பட்டறையில் சொல்லுங்கள். அதோடு இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீர்ந்துவிடும். 800-இன் ஹெட் அலுமினியத்தால் ஆனது. வால்வு இருக்கைகள் தனியாகப் பொருத்தப்பட்டவை. அதற்கு இந்தக் கவலை இல்லை.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டு கார்களுக்கும் பொதுவான சிக்கல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களை ஊதச் செய்து வெடிக்க வைக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்துக் கார்புரேட்டரின் ஜெட் என்னும் நுண்துளையில் கொண்டுவந்து அடைக்கும். கசியும் குழாயிலிருந்து சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டுவதுதான் இவற்றுள் மிகப் பெரிய ஆபத்து. ஆகவே பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும், பம்பின் டயாஃப்ரம் என்னும் சவ்வையும், எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆனவையாக மாற்றிவிடுங்கள். டேங்கை ஒரு முறை இறக்கிக் கழுவி, பம்புக்கு முன் நல்ல ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள். எத்தனால் கலவை எரிவதற்குக் காற்று குறைவாகவே தேவைப்படும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைச் சற்றே கூட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் வண்டி இழுக்கவில்லை என்று எஞ்சினைப் பிரிப்பவர்கள் பலர். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கில் மிகக் குறைவாகவே பெட்ரோல் இருக்கட்டும்.

கேள்வி: ஐம்பது ஆண்டு கடந்த அம்பாசிடரைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்வது நல்லதா, வழக்கம்போல ஆர்.சி.யைப் புதுப்பிப்பது நல்லதா? 800-க்கு அந்த வசதி உண்டா?
— வாசகர், காரைக்குடி

பதில்: 2021 ஜூலையில் நடுவண் அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவெண் உள்ள வண்டிகள் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட அனுமதி இல்லை; கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். எனவே மேலே கும்பகோணம் வாசகரைப் போலக் குடும்பத்தோடு பயணம் செய்ய விரும்புகிறவர்கள் வழக்கமான புதுப்பித்தலையே செய்துகொள்ள வேண்டும். அது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. தகுதிச் சோதனை உண்டு. 15 ஆண்டு கடந்த காருக்கு 5,000 ரூபாய் என்று 2022-இல் உயர்ந்த கட்டணம், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாயாக 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் தனியார் காரைச் சாலையிலிருந்து விலக்கும் தில்லி நடைமுறை இங்கே இல்லை.

800-இன் முதல் வண்டிகளே 1983 டிசம்பரில் பதிவானவை என்பதால், அவற்றுக்கு 2033 வரை இந்த வசதி கிடைக்காது. அதுவரை தப்பிப் பிழைக்கப் போகும் வண்டிகள் எத்தனை என்ற கவலை எனக்கு உண்டு. 1986-க்கு முந்தைய முதல் வடிவத்து 800 யாரிடமாவது இருந்தால், அது ஓடாவிட்டாலும், உடைப்பதற்குக் கொடுக்காமல் காப்பாற்றி வையுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்வர முதன்முதலாகக் கார் வாங்குகிறேன். 1991-ஆம் ஆண்டு அம்பாசிடர் நோவா ஒன்றும், 2003-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. உதிரி பாகம் எதற்கு எளிதாகக் கிடைக்கும்?
— வாசகி, திருப்பூர்

பதில்: தயங்காமல் 800-ஐ வாங்குங்கள். நாள்தோறும் ஓட்ட வேண்டிய காருக்கு, எந்த ஊரிலும் கடையில் கேட்ட உடனே பாகம் கிடைக்க வேண்டும். 800-க்கு அது இன்றும் கிடைக்கிறது. அம்பாசிடரின் எஞ்சின் பாகங்களைக் கோவையிலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடிப் பெற்றுவிடலாம். கதவு ரப்பர், விளக்கு வளையம், உள்ளலங்காரம் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டையின் பழைய பொருள் கடைகளில் அலைய வேண்டும். கார்புரேட்டரையும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பழைய பாயின்ட் அமைப்பையும் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகள் மூப்படைந்துவருகிறார்கள். அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போக வேண்டியவர் அவர்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2003-ஆம் ஆண்டு வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் ஊசி முறையில் தெளிக்கப்படுகிறது. அதை வாங்கும்போது, எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால், வாங்கிய வாரத்திலேயே புதிய பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். வண்டியின் அடியையும், தூத்துக்குடி வாசகருக்குச் சொன்ன முறையிலேயே, திருப்புளியோடும் காந்தத்தோடும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.